பறவை தெரியாத திரை

அத்தியாயம் 5

ஏணியைப் பார்த்ததுமே நான் ஓர் அடி பின்னால் வைத்தேன்.

சுவரோடு ஒட்டிய இரும்பு ஏணி. மொட்டைமாடியில் கிளம்பி ரேடார் கோபுரத்தின் உச்சி மேடை வரை போகிறது. முந்தாநாள் காலை இதிலிருந்துதான் தராசு விழுந்தார். இப்போது ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறார்.

தராசு என்பது பட்டப்பெயர். கடற்படைக்கு எந்த ஆயுதம் வாங்கலாம் என்று இரண்டு கம்பெனிச் சரக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடைபோட்டுச் சொல்வது அவர் உத்தியோகம். வீட்டில் கத்தரிக்காய் வாங்கினாலும் இரண்டு கடையில் ஏறி இறங்குவார் என்று கேள்வி.

"என்ன மச்சான், வேர்க்குது?" என்றார் அத்தான்.

"வெயில் அத்தான்."

"மேகமா இருக்கு."

"எனக்குன்னு தனியா அடிக்குது."

அத்தான் என் அக்காவின் கணவர். கப்பல் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். மூழ்காத கப்பலை மூழ்கியதாகச் சொன்னவர்களைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய்த் துப்பறியும் அலுவலகம் திறந்தார். நான் அவருடைய உதவியாளன். அக்கா சொன்னதால் சேர்த்துக்கொண்டார், அக்காவுக்குப் பயந்து வைத்திருக்கிறார்.

எங்களைக் கூப்பிட்டது தராசின் மகள். அவளும் அதே அலுவலகத்தில் இன்ஜினியர். "எங்கப்பா ஏன் மேல ஏறினார்னு கண்டுபிடிச்சுக் குடுங்க சார்" என்று நேற்று எங்கள் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். அவர் விழுந்த நேரத்தில் தான் வீட்டில் இருந்ததாகச் சொன்னாள். அவளுடைய பயம் அப்பாவோடு நிற்கவில்லை. இன்று பிற்பகல் நடுக்கடலில் நிற்கும் ஒரு கப்பலை நோக்கி நிஜமாகவே ஓர் ஏவுகணையை விடப் போகிறார்கள். அதில் வெடிமருந்து கிடையாது. ஆனால் அது வரும் வேகத்துக்கு, வெறும் இரும்பே கப்பலின் விலாவைக் கிழித்துவிடும். கப்பல் அதை ரேடாரில் பார்த்து, தன் ஏவுகணையால் நடுவழியில் அடித்து வீழ்த்த வேண்டும். அதுதான் சோதனை. அந்தக் கப்பலின் ரேடார் திரைக்கு முன்னால் உட்காரப் போகிறவர் அவளுடைய கணவர்.

அத்தான் குனிந்து கைப்பிடிச் சுவரின் ஓரத்தில் எதையோ பொறுக்கினார். காய்ந்த ரொட்டித் துண்டு. சுவர் நெடுக ரொட்டி. அதைச் சுற்றிக் கடற்காகங்களின் எச்சம், சுண்ணாம்பு அடித்தது போல.

"தராசு பறவை வளர்த்தாரா?"

"வயசானா சில பேருக்கு அன்பு பொங்கும் அத்தான்."

"பொங்கினா கீழ வெச்சே போடலாமே. ரேடாருக்கு நேர் எதிர்ல வந்து ஏன் போடணும்?"

ரொட்டி கிளம்பிய இடத்துக்கே போனோம்.

கேன்டீன்காரர் தேநீர் ஆற்றிக்கொண்டே பேசினார். "அவருக்குப் பறவைன்னாலே ஆகாது சார். கார் மேல எச்சம் போட்டுச்சுன்னு ஒரு நாள் பூரா புலம்பினவர். போன வாரம் திடீர்னு வந்து பழைய ரொட்டி இருக்கான்னு கேக்கறார். அப்புறம் தினமும் காலைல கேட்டார்."

"எதுக்குன்னு கேக்கலையா?"

"கேட்டேன். கண் டாக்டர் சுவத்துல எழுத்து மாட்டி வெச்சு வாசிக்கச் சொல்வாரில்ல, அது மாதிரின்னார். நான் என்ன கண்டேன். பெரிய படிப்பு படிச்சவங்க சொன்னா தலையாட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

அத்தான் தேநீரைக் குடிக்காமலே கீழே வைத்தார். அவர் அப்படி வைத்தால் எனக்கு எங்கேயோ ஏறும் வேலை வரப்போகிறது என்று அர்த்தம். அனுபவம்.

அப்போது துறைமுகத்தில் முதல் சங்கு ஊதியது. மீன்பிடிப் படகுகள் எல்லாம் ஒதுங்க வேண்டும் என்று அறிவிக்கும் சங்கு. இரண்டாவது சங்கு ஊதினால் ஏவுகணை கிளம்பிவிட்டது என்று பொருள். கேன்டீனில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கடல் பக்கம் பார்த்தார்கள்.

ஒப்பீட்டு அறை இரண்டாம் மாடியில். குளிர்சாதனம் பல்லைக் கிட்ட வைத்தது. சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பெரிய திரைகள். தராசு இல்லாத இடத்தில் பொறுப்பு பார்ப்பவரைச் 'சின்னவர்' என்றார்கள். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடும் ரகம்.

"கம்பெனிப் பேரு இந்த அறையில சொல்லக்கூடாது சார். பேரு சொன்னா மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும்பார் தராசு. அதனால இது அண்ணன், அது தம்பி."

இடது பக்கம் அண்ணன். கோபுரத்தின் மேல் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் ரேடார். அதன் ஏவுகணையை இலக்கு வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வலது பக்கம் தம்பி. அதுவும் அதே கோபுரத்தில்தான், ஆனால் சுற்றாது. நாலு பக்கமும் பலகை மாதிரி முகம் வைத்துக்கொண்டு அசையாமல் பார்க்கும். அதன் ஏவுகணை பெட்டியிலிருந்து செங்குத்தாகக் கிளம்பி, கடைசிக் கட்டத்தில் தன் கண்ணாலேயே தேடிப் போய் அடிக்கும். அண்ணனின் திரையில் எள்ளை வாரி இறைத்தது போல் புள்ளிகள். தம்பியின் திரை கழுவிக் கவிழ்த்த தட்டு. அதில் ஒரே ஒரு புள்ளி மட்டும் கரையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

"அது?"

"ஒத்திகை விமானம். ஆள் கிடையாது. வடக்கேயிருந்து கடலை ஒட்டித் தாழ்வா வருது. கப்பல்லயும் தம்பியைத்தான் மாட்டியிருக்கு, அதுக்கு வரப்போறதும் இதே பாதைதான்."

"அண்ணன் திரையில இந்த எள்ளெல்லாம்?"

"அலை, படகு, பறவை. தம்பிகிட்ட அந்தத் தொந்தரவே இல்ல. சுத்தத்துக்குத் தனியா மார்க் உண்டு சார். தம்பி அதுல முழு மார்க்."

"சுத்தத்துக்கு மார்க் போட்டது யாரு?"

"நாங்கதான். பாக்கறவனுக்குக் கண் உறுத்தக்கூடாதில்ல?" என்றார் சின்னவர் பெருமையாக.

மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு கோட்டுக்காரர் சிரித்தார். தம்பியின் கம்பெனி அனுப்பிய ஆள். நாங்கள் உள்ளே நுழைந்ததிலிருந்து அந்தச் சிரிப்பு முகத்தை விட்டு இறங்கவே இல்லை. நான் மனதுக்குள் அவருக்குச் 'சிரிப்பு' என்று பெயர் வைத்துவிட்டேன். தராசைத் தள்ளியவன் இவனாகத்தான் இருப்பான் என்றும் முடிவு கட்டிவிட்டேன். கோட்டைப் பார்த்தே கண்டுபிடிப்பேன் நான்.

தராசின் மகள் தன் மேஜையில் எதையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். அத்தான் ஜன்னலுக்குப் போனார்.

"கடற்காகம் எவ்வளவு பறக்குது பாருங்க. அண்ணனுக்குத் தெரியுது. தம்பிக்கு ஒண்ணுகூடத் தெரியலையே?"

"வடிகட்டி சார்" என்றார் சிரிப்பு. "மெதுவாப் பறக்கறதை எல்லாம் எங்க தம்பி வடிகட்டிடுவான். அதுதான் எங்க சிறப்பு."

"அந்த வடிகட்டியைக் கொஞ்சம் நிறுத்திக் காட்டுங்களேன்."

"முடியாது சார். கம்பெனியிலேயே சீல் வெச்சது."

சின்னவர் ஆமாம் என்று தலையாட்டினார். நியாயமான பதில்தான். எனக்கே சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் அத்தான் என்னை அறைக்கு வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்.

"தராசு பறவையை வெச்சுத் தம்பிக்குக் கண் பரிசோதனை பண்ணியிருக்கார் மச்சான். தம்பி வாசிக்கல. வடிகட்டின்னு சொல்லித் தப்பிச்சிட்டான். அப்போ அடுத்த பரிசோதனை என்ன?"

"கண்ணாடி மாத்தறது?"

"கண்ணைக் கட்டறது. கண்ணைக் கட்டின பிறகும் ஒருத்தன் எழுத்தை வாசிச்சான்னா, அவன் பாத்து வாசிக்கல. மனப்பாடமா ஒப்பிக்கிறான். தராசு அதுக்குத்தான் மேல ஏறியிருக்கார். தம்பியோட முகத்துக்குப் பின்னால சுவிட்ச் பெட்டி இருக்கும். போய் அணை."

"நீங்க ஏறினா ஒரு கம்பீரமா இருக்கும் அத்தான்."

"எனக்கு முட்டி வலி. உங்கக்கா கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"என்னன்னு? விழுந்துட்டான்னா?"

என் கைப்பேசியில் அவரைக் கூப்பிட்டு, இணைப்பைத் துண்டிக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவர் அறைக்குள் போனார். நான் ஏறினேன்.

பயம் என்றால் சாதாரண பயம் இல்லை. கம்பி சில்லிட்டிருந்தது. எச்சத்தில் கால் வழுக்கியது. கடல் காற்று சட்டைக்குள் புகுந்து என்னை ஒரு பக்கமாக இழுத்தது. கீழே பார்க்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டே கீழே பார்த்தேன். தராசு விழுந்த இடத்தில் யாரோ மணல் கொட்டி வைத்திருந்தார்கள். குலதெய்வத்தின் பெயர் அவசரத்துக்கு ஞாபகம் வரவில்லை. அக்காவின் பெயரைத்தான் சொன்னேன்.

மேடைக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

"இறங்கிடுங்க."

கீழிருந்து பெண் குரல். திடுக்கிட்டுத் திரும்பினேன். வலது கால் கம்பியை விட்டது. ஒரு கையில் தொங்கினேன். உலகம் முழுக்க அந்த ஒரு கம்பியாகச் சுருங்கிவிட்டது. எப்படியோ முழங்கையைக் கொடுத்து இரும்பைக் கட்டிக்கொண்டேன்.

தராசின் மகள் ஏணியின் அடியில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"ஐயோ, திரும்பாதீங்க. அப்பாவும் இப்படித்தான் திரும்பினார். வேண்டாம், இறங்கி வந்துடுங்க, சொன்னாக் கேளுங்க."

"இவ்வளவு தூரம் வந்தாச்சு, சாமி தரிசனம் பண்ணாமப் போறதா" என்றேன். பல் தந்தியடித்ததில் அவளுக்குப் பாதிதான் கேட்டிருக்கும்.

மேடையில் தவழ்ந்தேன். பலகை முகத்துக்குப் பின்னால் சாம்பல் நிறப் பெட்டி. கைப்பிடியைக் கீழே இழுத்தேன். உறுமிக்கொண்டிருந்தது அடங்கியது.

"அணைச்சிட்டேன் அத்தான்" என்று சட்டைப்பையிடம் சொன்னேன்.

பைக்குள்ளிருந்து அவர் குரல் மெதுவாக வந்தது. "கீழ வா. அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வா. கையை விட்டுடாதே." ஏணியைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

தராசின் மகளோடு நான் அறைக்குள் நுழைந்தேன். எல்லோரும் வலது பக்கத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பிக்கு உயிரே இல்லை. ஆனாலும் அந்த ஒற்றைப் புள்ளி பளிச்சென்று, அழகாக, கரையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. செத்தவன் கண்ணைச் சிமிட்டினால் இப்படித்தான் இருக்கும்.

சிரிப்பு சிரித்தார். "இதுல ஆச்சரியம் ஒண்ணுமில்ல சார். இலக்கு ஒரு நொடி மறைஞ்சா, எங்க போயிருக்கும்னு எங்க தம்பி தானே கணக்குப் போட்டுக் காட்டுவான். எல்லா ரேடாரும் செய்யும்."

சின்னவர் நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "ஆமா, செய்யும். ஆனா இவ்வளவு நேரமா..." என்று இழுத்தார். முடிவுக்கு வர அவருக்கு இன்னும் மூன்று கூட்டம் போட வேண்டும் போலிருந்தது.

"கப்பலுக்குச் சொல்லி நிறுத்துங்க" என்றேன்.

"காரணம் என்னன்னு கேப்பாங்களேப்பா. தம்பி அணைஞ்சும் பாக்கறான்னு சொன்னா, அவ்வளவு கெட்டிக்காரனான்னு இன்னும் ரெண்டு மார்க் போடச் சொல்வாங்க."

அந்த நேரத்தில் இரண்டாவது சங்கு ஊதியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தூரத்தில், கடலுக்குள் நீண்ட நிலமுனைக்கு அப்பால், ஒரு வெள்ளைப் புகைக்கோடு எழுந்து கடலை நோக்கிச் சாய்ந்தது. ஏவுகணை கிளம்பிவிட்டது.

அத்தான் கடியாரத்தைப் பார்த்தார். பிறகு சாவகாசமாக, நாளைக்கு மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னார்:

"சின்னவரே, உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. இன்னிக்குப் பாதையை மாத்திட்டாங்க. பழைய பாதையில வரல. தெற்கேயிருந்து வருது."

"அப்படியா? என்கிட்ட யாரும் சொல்லலையே" என்றார் சின்னவர். வருத்தம்தான் தெரிந்தது, பயம் இல்லை. "பரவாயில்ல. தம்பிக்குக் கண் இருக்கே."

நான் சிரிப்பைப் பார்த்தேன். உதட்டுக்கு மேல் வியர்வை முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு நின்றது. ஆனால் சிரிப்பு இறங்கவில்லை. வாயைத் திறக்கவும் இல்லை.

அலறியது வேறு ஒருவர்.

"நிறுத்துங்க. அதைக் கடல்ல இறக்கச் சொல்லுங்க. அவங்களுக்குத் தெரியாது, தம்பிக்குக் கண்ணே கிடையாது. அவர் இருக்கார் அந்தக் கப்பல்ல, என் வீட்டுக்காரர் இருக்கார்." தராசின் மகள் சின்னவரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பழைய பாதையைத்தான் நான் குடுத்தேன். அதை மட்டும்தான் அது காட்டும். சார், ஃபோனை எடுங்க சார்."

சின்னவர் கெட்டிக்காரர் இல்லை என்று நினைத்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. சிவப்புத் தொலைபேசியைப் பாய்ந்து எடுத்து, "ஏவுதளம், இலக்கைக் கடல்ல இறக்கு, உடனே இறக்கு" என்று கத்தினார். பிறகு காதில் வைத்தபடி நின்றார்.

"இறக்கிட்டாங்க" என்றார் கடைசியில். "கடல்ல விழுந்துடுச்சு. கப்பலுக்கு இந்தப் பக்கமே."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அத்தான் அவளுக்கு எதிரே குந்தினார். குரலில் கோபம் இல்லை.

"நேத்து நீ வந்தப்பவே எனக்கு ஒண்ணு உறுத்திச்சும்மா. அப்பா ஏணியிலேர்ந்து விழுந்தா எந்தப் பொண்ணும் யாரு தள்ளினாங்கன்னுதான் கேப்பா. நீ ஏன் ஏறினார்னு கேட்டே. அவருக்கு எவ்வளவு தெரியும், யார்கிட்டச் சொன்னார், அதுதான் உனக்கு வேண்டியிருந்தது. இப்போ இவன் ஏறினப்ப, அப்பாவும் இப்படித்தான் திரும்பினார்னு சொன்னே. இவன் பையில ஃபோன் இருந்துச்சு, கேட்டேன். வீட்ல இருந்தவளுக்கு அவர் திரும்பினது எப்படித் தெரியும்?"

"நான் தள்ளல சார். கூப்பிட்டேன். இறங்கி வாங்கப்பான்னு கூப்பிட்டேன், அவ்வளவுதான்." அவள் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "தம்பிக்கு உயரத்துல வர்றது தெரியும். அலையை ஒட்டி வர்றது தெரியாது. அதனால தாழ்வா இருக்கறதை எல்லாம் துடைச்சிட்டு, சொல்லிக்குடுத்த பாதையில மட்டும் புள்ளி வைப்பாங்க. இந்தக் கம்பெனிக்காரர் வந்து பாதையைக் கேட்டார். தம்பி ஜெயிச்சா அந்தக் கப்பலைப் பயிற்சிக் கப்பலா ரெண்டு வருஷம் கரையிலேயே கட்டிப்போடுவாங்கன்னார். எம்பொண்ணு அவ அப்பாவை மாமான்னு கூப்பிடறா சார். யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் நினைச்சேன். பாதை தெரிஞ்சிருந்தா தம்பி அடிச்சிடுவான்."

கதவுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்த சிரிப்பின் கோட்டு வாலை நான் பிடித்துக்கொண்டேன். ஏணிக்குப் பிறகு எனக்கு எல்லாம் சுலபமாகத் தெரிந்தது.

"அத்தான், பாதை மாறினது உங்களுக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. பொய்" என்றார் அவர் காதோடு. "உள்ளேயிருந்து யாரோ ஒருத்தர் பாதையைக் குடுத்திருக்கணும். பாதை மாறிடுச்சுன்னா அந்த ஆளுக்கு மட்டும்தான் உயிர் போகும். அதான் ஒரு கல்லை விட்டுப் பாத்தேன். பாவம், இலக்கு பழைய பாதையிலதான் வந்திருக்கும். கப்பலுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது."

சின்னவர் இன்னும் தொலைபேசியைக் காதிலேயே வைத்திருந்தார். மெல்ல எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஏவுதள அதிகாரி கேக்கறார். தெற்கேயிருந்து வருதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்னு. போன வாரம் தராசு நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்தாராம். பாதையை மாத்து, தெற்கேயிருந்து விடு, என் அறையில இருக்கறவங்களுக்குக்கூடத் தெரிய வேண்டாம்னு. தம்பிக்குக் கண் இல்லைன்னா திரையில ஒண்ணும் தெரியாது, கப்பல்காரங்க தெரியலைன்னு சொல்வாங்க, அப்போ கடல்ல இறக்கிடுன்னாராம்."

அத்தானின் கை என் தோளைத் தேடிப் பிடித்தது. பொய் என்று அவர் விட்ட கல், நிஜத்தின் மேல் போய் விழுந்திருக்கிறது. விட்டிருக்காவிட்டால் என்று நினைக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஆனா கப்பல்காரங்க தெரியலைன்னு சொல்லியிருப்பாங்களே?" என்று கேட்டேன். யாராவது ஆமாம் என்று சொல்லமாட்டார்களா என்றிருந்தது.

அதற்குப் பதில் சுவரில் இருந்த ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. கடல் இரைச்சலுக்கு நடுவே ஓர் ஆண் குரல். தெம்பான, சந்தோஷமான குரல். தரையில் உட்கார்ந்திருந்தவள் அதைக் கேட்டதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கரைக்குக் கப்பல் பேசுறேன். எதுக்கு நிறுத்தச் சொல்றீங்க? தம்பி திரையில இலக்கு பளிச்சுன்னு தெரியுது. வடக்கேயிருந்து நேரா வந்துக்கிட்டே இருக்கு."